செவியின் சிற்றெலும்புகள்

கேள்வியறிவின் சிறப்பை உணர்த்தத் திருவள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்தார். அவ்வறிவு உட்புகும் வாயில் எத்துணை நுண்ணியது என்பதை அறிந்தோர் சிலரே.

புறச்செவி வழியே செல்லும் ஒலி செவிப்பறையை அதிரச் செய்கிறது. பறைக்கு அப்பாலுள்ள நடுச்செவியில் மூன்று எலும்புகள் சங்கிலிபோல் கோக்கப்பட்டுள்ளன. சுத்தி, பட்டடை, அங்கவடி என அவை வடிவத்தால் பெயர் பெற்றன. அங்கவடி மனித உடலின் எலும்புகள் யாவற்றினும் சிறியது. அதன் நீளம் ஏறத்தாழ 3 மில்லிமீட்டரே. பறையின் அதிர்வை இச்சங்கிலி ஏந்திச் சென்று, அழுத்தத்தை ஏறத்தாழ 20 மடங்காகப் பெருக்கி, உட்செவியின் நீர்மத்திற்கு அளிக்கிறது.

அங்கவடியைப் பற்றியுள்ள சிறு தசையொன்று காவலன் போன்றது. ஒரு செவியில் பேரொலி புகுந்தாலும் இரு செவிகளிலும் அத்தசை தானே சுருங்கி, எலும்பை இறுக்கி, ஒலியின் வலிமையைத் தணிக்கிறது. இஃது அனிச்சைச் செயலாகும். ஆயினும், தசை சுருங்கச் சிறிது நேரம் வேண்டும். வெடியோசையோ அதற்குள் உட்புகுந்துவிடும்.

தலையில் விழும் பலத்த அடியும், காதினுள் நுழைக்கும் ஈர்க்கும் ஊக்கும் இச்சங்கிலியைக் குலைக்க வல்லவை. பட்டடையும் அங்கவடியும் கூடும் மூட்டே பெரும்பாலும் விலகுகிறது. அந்நிலையில் பறை கிழியாதிருப்பினும் கேட்கும் திறன் 60 டெசிபல் வரை குறையலாம். அருகில் பேசுவோர் சொல்லும் செவிக்கு எட்டாது. நலமுள்ள மற்றொரு செவியில் மருத்துவர் பேரொலி செலுத்தினால், பழுதுற்ற செவியின் தசையும் சுருங்கும். ஆனால், சங்கிலி அறுந்தமையால் அவ்விழுப்பு பறையை அடைவதில்லை. கருவியும் அசைவைக் காட்டுவதில்லை. முறிவை உணர்த்தும் குறிகளுள் இதுவும் ஒன்று.

இத்தகைய ஊறு வெளியே புலப்படுவதன்று. ஆதலின், அழைத்தும் திரும்பாத சிறுவனைச் செருக்கன் என்றும் சோம்பன் என்றும் பிறர் கடிவர். சிலர் சினம் மிக்குச் செவிப்புறத்தே அறைந்தும் விடுவர். கேளாமைக்கு இடும் அத்தண்டனையே கேளாமையை மிகுவிக்கக்கூடும்.

1950களில் ஜெர்மானிய அறுவை மருத்துவர்களாகிய உல்ஸ்டைன், செல்னர் என்போர் நடுச்செவியைச் சீரமைக்கும் முறைகளை வகுத்தனர். இந்நாளில் விலகிய எலும்பைத் திருத்தியும், டைட்டானியத்தாலான செயற்கை எலும்பைப் பொருத்தியும் பலருக்குக் கேட்கும் திறனை மீட்டளிக்கின்றனர். எனினும், முறிந்ததை இணைப்பதினும் முறியாமற் காத்தல் எளிதன்றோ? பேரொலிக்கு எதிரே தசை காவல் நிற்கும். ஓங்கிய கைக்கு எதிரே அதனால் நிற்க இயலாது. அக்காவல் மாந்தரின் பொறுமையிலேயே உள்ளது.