ஜெபக்குறிப்பும் புகாரும்

எங்கள் கல்லூரியில் பிள்ளைகள் புகார் சொல்வதில்லை. பாரம் சொல்வார்கள். "மேம், மனசுல ஒரு பாரமா இருக்கு, ஜெபிச்சுக்கோங்க" என்பார்கள். விடுதிக் குழாயில் தண்ணீர் வராததும் பாரம்தான், ஊரில் அப்பா குடித்துவிட்டு அம்மாவை அடிப்பதும் பாரம்தான். புதன்கிழமை மாலை ஜெபக்கூட்டத்தில் அவற்றைத் துண்டுச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போடுவார்கள். அது ஜெபக்குறிப்பு. எழுதியவர் பெயர் வேண்டியதில்லை. யாரால் வந்த பாரம் என்றும் எழுத வேண்டியதில்லை.

ஜெபத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. நானும் அந்தச் சபையில் வளர்ந்தவள். என் அம்மாவின் கடைசி மாதங்களில் எங்களைத் தாங்கியது பக்கத்து வீட்டுப் பெண்களின் ஜெபம்தான். ஆனால் ஜெபக்குறிப்பு வேறு, புகார் வேறு. புகாரில் தேதி உண்டு, பெயர் உண்டு, கையெழுத்து உண்டு. பதில் சொல்லியே ஆகவேண்டிய ஒரு மனிதர் உண்டு. ஜெபக்குறிப்புக்கு மனிதர் யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. ஒரு பெண் கொண்டுவரும் புகாரை ஜெபக்குறிப்பாக மாற்றிவிட்டால் நிர்வாகத்துக்கு எவ்வளவு நிம்மதி என்பதைப் பதினாறு ஆண்டுகளாகப் பார்த்துவருகிறேன்.

நான் வேலை செய்வது தென் மாவட்டம் ஒன்றில் உள்ள சின்னக் கல்லூரி. எண்ணூறு பிள்ளைகள்கூட இல்லை. ஆணும் பெண்ணும் சேர்ந்து படிக்கிறார்கள். பாதிப்பேர் தங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர்கள். சேர்க்கை நாளில் தாளாளர் பெற்றோரிடம் தவறாமல் சொல்வார்: "இது கல்லூரி இல்ல, குடும்பம். உங்க பிள்ளை இனி எங்க பிள்ளை." அதைக் கேட்டு அம்மாக்கள் கண் கலங்குவார்கள். அந்தச் சொல் பொய்யும் அல்ல. கட்டணம் கட்ட முடியாத பிள்ளைக்கு இங்கே யாராவது கட்டுகிறார்கள். காய்ச்சல் வந்தால் வார்டன் கஞ்சி காய்ச்சிக் கொடுக்கிறார். ஆனால் குடும்பத்துக்குள் புகார் எப்படிக் கொடுப்பது? சலுகையில் படிக்கிற பிள்ளை வாயைத் திறந்தால் அது உரிமைப் பேச்சு ஆவதில்லை, நன்றி கெட்ட பேச்சாகிவிடுகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் நாக் குழு வருகிறதென்று கோப்புகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது 'உள் புகார்க் குழு' என்றொரு கோப்பு கையில் கிடைத்தது. நாங்கள் பேச்சில் விசாகா கமிட்டி என்கிறோமே, அதுதான். உறுப்பினர் பட்டியலில் என் பெயர் இருந்தது. இரண்டு ஆண்டுகளாக இருந்திருக்கிறது. யாரும் எனக்குச் சொன்னதில்லை. ஒரு கூட்டத்துக்கும் அழைத்ததில்லை. ஆனால் நான்கு கூட்டங்கள் நடந்ததாகக் குறிப்பு இருந்தது. நான்கிலும் ஒரே முடிவு: புகார்கள் எதுவும் வரவில்லை. குழுத் தலைவர், கல்லூரி முதல்வர். மாணவ உறுப்பினர் மூவரும் படிப்பு முடித்துப் போனவர்கள். அதில் ஒரு பெண்ணின் திருமணத்துக்கு நானே போய்வந்திருக்கிறேன்.

அன்று இரவு விதிமுறைகளைத் தேடி எடுத்து முதன்முறையாக முழுதும் படித்தேன். ராஜஸ்தானில் ஒரு குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப்போனதற்காக 1992இல் பன்வாரி தேவி கூட்டு வன்புணர்வுக்கு ஆளானதையும், அதையொட்டிப் பெண்கள் அமைப்புகள் தொடுத்த வழக்கில் 1997இல் விசாகா தீர்ப்பு வந்ததையும், 2013இல் அது சட்டமானதையும் ஏற்கெனவே வகுப்பில் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஆனால் கல்லூரிகளுக்கென்றே பல்கலைக்கழக மானியக் குழு 2015ஆம் ஆண்டின் விதிமுறைகளைக் கொண்டுவந்திருப்பதும் அது இவ்வளவு துல்லியமாக இருப்பதும் எனக்குப் புதிது. குழுவின் தலைமை மூத்த பெண் ஆசிரியருக்கு உரியது. துறைத்தலைவர், டீன் போன்ற நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்கள் உறுப்பினராகவே இருக்கக் கூடாது. உறுப்பினர்களில் குறைந்தது பாதிப்பேர் பெண்கள். வெளியிலிருந்து ஒருவர். மாணவர் தொடர்பான விஷயம் என்றால் மூன்று மாணவ உறுப்பினர்கள், அதுவும் தேர்தல் மூலம். நியமனத்தால் அல்ல. எங்கள் கோப்பில் இருந்த குழு இதில் எதிலும் தேறாது. குழுவே அமைக்காத நிர்வாகத்துக்குச் சட்டம் 50,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கிறது. அதனால்தான் எல்லா ஊரிலும் கோப்பு மட்டும் இருக்கிறது.

அதற்கு மறு ஆண்டுதான் அவள் வந்தாள். யார், எந்தத் துறை, என்ன நடந்தது என்பதை இங்கே எழுதப்போவதில்லை. சட்டத்தின் 16ஆம் பிரிவு புகாரின் உள்ளடக்கத்தையும் பெயர்களையும் விசாரணையையும் வெளியிடக் கூடாது என்கிறது. அந்தப் பிரிவு இல்லாவிட்டாலும் எழுதியிருக்க மாட்டேன். அவள் வாய்திறந்ததற்கும் புகாரை எழுத்தில் கொடுத்ததற்கும் இடையில் பதினொரு நாட்கள். அந்த நாட்களைப் பற்றித்தான் சொல்ல வேண்டும், அவளை அடையாளம் காட்டக்கூடியவற்றை மாற்றிவிட்டு.

முதலில் அவள் சொன்னது ஒரு மூத்த ஆசிரியையிடம். அவர் உடனே அவள் தலைமேல் கைவைத்து ஜெபித்தார். உண்மையான கண்ணீரோடுதான். ஜெபித்து முடித்து, "இத யார்ட்டயும் சொல்லாத, கர்த்தர் பார்த்துக்குவாரு" என்றார். இரண்டு நாள் கழித்து விடுதியிலிருந்து அவள் வீட்டுக்குத் தொலைபேசி போனது. அம்மா அடுத்த பஸ்ஸில் வந்துவிட்டார். என்ன விஷயம் என்று அவர் கேட்கவே இல்லை. என்னைப் பார்த்ததும், "டீச்சர், எங்க பிள்ளைக்கு டிசியும் மார்க் ஷீட்டும் குடுத்திருங்க, நாங்க கூட்டிட்டுப் போயிருதோம்" என்றார். படிப்பை நிறுத்துவது அவருக்கு அவ்வளவு எளிதாகத் தோன்றியது. மகளைக் காப்பாற்ற அவருக்குத் தெரிந்த ஒரே வழி அது.

பிறகு சம்பந்தப்பட்டவரின் மனைவி விடுதிக்கு வந்தார், இடுப்பில் குழந்தையோடு. எங்கள் குடும்பத்தைக் கெடுத்துவிடாதே என்று இருபது வயதுப் பெண்ணின் காலைப் பிடிக்கப் போனார். அந்தப் பெண்ணை யார் அனுப்பிவைத்தார்கள் என்று இன்றுவரை தெரியாது. கடைசியாக முதல்வர் அறையில் ஒரு ஏற்பாடு. ஐயர் வந்திருந்தார். இருவரையும் முழங்காலிட வைத்து ஒப்புரவாக்கி ஜெபித்து அனுப்பிவிடலாம் என்பது திட்டம். அவரும் முழங்காலிட வேண்டும், அவளும் முழங்காலிட வேண்டும். அவள் எதற்காக முழங்காலிட வேண்டும் என்று அந்த அறையில் கேட்டது ஒரே ஒருவர். சுயநிதிப் பிரிவில் வேலை பார்க்கும் என் தோழி. ஒவ்வொரு ஏப்ரலிலும் அவர் பணியைப் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்கும் கையெழுத்து தாளாளருடையது. நான் அரசு உதவி பெறும் பணியிடத்தில் இருப்பவள், என்னை லேசில் அசைக்க முடியாது. தைரியம் என்றால் அது அவருடையதுதான்.

சமரசத்தைச் சட்டம் தடைசெய்யவில்லை. ஆனால் பாதிக்கப்பட்டவள் தானாகக் கேட்டால் மட்டுமே அந்தப் பேச்சைத் தொடங்கலாம். பணத்தை அடிப்படையாக வைத்துச் சமரசம் செய்யக் கூடாது. இதை நாங்கள் எடுத்துச் சொன்னபோது ஐயர் வருத்தப்பட்டார். "மன்னிப்புக்கும் சட்டம் பேசுறீங்களேம்மா?" என்றார். மன்னிப்பு அவள் கையில் இருக்கிற பொருள். அதை எப்போது கொடுப்பது, கொடுப்பதா வேண்டாமா என்பதை அவள்தான் முடிவு செய்ய வேண்டும். நடந்தது என்னவென்று கேட்பதற்கு முன்பே அதை அவளிடமிருந்து வாங்கிவிடுவதற்கு மன்னிப்பு என்று பெயரில்லை.

வேதாகமத்தில் தாமாரின் கதை இருக்கிறது. பாலியல் வன்முறைக்கு ஆளான அரசகுமாரி. செய்தவன் வேறொரு தாய்க்குப் பிறந்த அவளுடைய சகோதரன் அம்னோன். அவள் தலையில் சாம்பலை வாரிப் போட்டுக்கொண்டு, உடையைக் கிழித்துக்கொண்டு, தெருவில் அழுதபடி போகிறாள். அவளுக்குத் தெரிந்த புகார் முறை அதுதான். இன்னொரு சகோதரன் அப்சலோம் அவள் வாயை அடைக்கிறான், அவன் உன் அண்ணன் அல்லவா என்று. அப்பாவாகிய தாவீது ராஜாவுக்குக் கோபம் வருகிறது. ஆனால் அவர் மகன்மீது எந்த நடவடிக்கையும் எடுப்பதில்லை. எங்கள் சிற்றாலயத்தில் தாவீதைப் பற்றி எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். தாமாரைப் பற்றி ஒன்றுகூடக் கேட்டதில்லை. குடும்பம் என்ற சொல்லை வைத்து ஒரு பெண்ணின் வாயை எப்படி அடைப்பது என்பதை அவ்வளவு நேர்மையாக எழுதிவைத்த பக்கத்தை நாம் ஏன் தாண்டித் தாண்டிப் போகிறோம்?

பதினொன்றாம் நாள் அவள் தன் கையாலேயே எழுதி இரண்டு பிரதி கொண்டுவந்தாள். ஒன்றைக் கொடுத்துவிட்டு, இன்னொன்றில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்தும் முத்திரையும் கேட்டாள். அலுவலகத்தில் இருந்தவர் திகைத்துப்போனார். "இதுக்கெல்லாம் சீல் போடுற பழக்கம் இல்லையேம்மா" என்றார். அவள் நகரவில்லை. முத்திரை விழுந்தது. அந்தச் சத்தத்துக்குப் பிறகுதான் எல்லோருடைய பேச்சும் மாறியது. புதன்கிழமைப் பெட்டியில் போட முடியாத ஒரு தாள் கல்லூரியில் இருந்தது.

"இது வெளியே போனால் யாருக்கு லாபம்?" என்ற கேள்வி அப்போதுதான் வந்தது. நாம் சிறுபான்மையினர், அடிக்கக் காத்திருக்கிறார்கள், நாமே கம்பை எடுத்துக் கொடுக்கலாமா? இந்தப் பயத்தை நான் சிரித்து ஒதுக்க மாட்டேன். 2019இல் சென்னையின் ஒரு கிறிஸ்தவக் கல்லூரி மாணவிகள் கல்விச் சுற்றுலாவில் நடந்ததைப் பற்றிப் புகார் கொடுத்தார்கள். விசாரணைக்கு ஆளான ஆசிரியர் உயர் நீதிமன்றம் போனார். நீதிமன்றம் விசாரணையில் தலையிட மறுத்தது. ஆனால் அதே தீர்ப்பில், கிறிஸ்தவ நிறுவனங்களில் ஆண்களோடு சேர்ந்து படிப்பது பெண்பிள்ளைகளுக்குப் பாதுகாப்பில்லை என்று பெற்றோர் நினைப்பதாக ஒரு வரி இருந்தது. எதிர்ப்பு எழுந்ததும் சில நாட்களில் அந்த வரி நீக்கப்பட்டது. புகார் கொடுத்த பெண்களின் துணிச்சலைப் பேச வேண்டிய நேரத்தில் எல்லோரும் மதத்தைப் பேசிக்கொண்டிருந்தோம். பயத்துக்குக் காரணம் உண்டுதான். ஆனால் அந்தப் பயத்தின் விலையை ஏன் எப்போதும் ஒரு மாணவி கட்ட வேண்டும்? சிறுபான்மையினர் தங்கள் நிறுவனங்களை நிர்வகிக்க அரசியல் சட்டத்தின் 30ஆம் பிரிவு உரிமை தருகிறது. நிர்வகிக்கும் உரிமை என்பது சீர்கேடாக நிர்வகிக்கும் உரிமை அல்ல என்று உச்ச நீதிமன்றம் 1958இலேயே சொல்லிவிட்டது.

விசாரணைக்கு 90 நாள், அறிக்கை கொடுக்க 10 நாள், நிர்வாகம் அதன்மீது நடவடிக்கை எடுக்க 30 நாள் என்று விதி சொல்கிறது. குழுவை முறைப்படி மாற்றி அமைத்தோம். மாணவ உறுப்பினருக்குத் தேர்தல் நடந்தது. விசாரணை முடியும்வரை அவளுடைய தாள்களையும் செய்முறை மதிப்பெண்களையும் வேறொருவர் பார்க்க ஏற்பாடானது. இந்த இடைக்கால நிவாரணத்துக்கும் விதியில் இடம் உண்டு. அறைக்குள் நடந்தவற்றைச் சொல்ல மாட்டேன். அந்த மனிதர் இப்போது எங்கள் கல்லூரியில் இல்லை. அவள் படிப்பை முடித்தாள். டிசியை அவள் அம்மா வாங்கிப் போகவில்லை. மூன்று ஆண்டும் முடிந்தபின் அவளே வந்து வாங்கினாள்.

ஆண்டுதோறும் எங்கள் கல்லூரி கேலண்டர் அச்சிடுகிறது. முதல் பக்கத்தில் ஜெபம், அடுத்துக் கல்லூரிப் பாட்டு, பிறகு பத்துப் பக்கத்துக்கு மாணவர் செய்யக் கூடாதவை: துப்பட்டா, தாமதம், கைப்பேசி, அபராதம். மாணவருக்கு உள்ள உரிமை என்று ஒரு வரி இல்லை. இப்போது ஒரு பக்கம் சேர்ந்திருக்கிறது. அதைச் சேர்க்கவே மூன்று கூட்டம் நடந்தது. அதில் இருப்பவற்றை இந்தப் புத்தகத்தைப் படிக்கும் மாணவிகளுக்கும் சொல்லிவிடுகிறேன்.

பாலியல் தொல்லை பற்றிய புகாரை மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். தக்க காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். நிறுவனத்தை நடத்துபவர்மீதே புகார் என்றால் மாவட்ட அளவில் உள்ளூர்ப் புகார்க் குழு இருக்கிறது. நிரூபிக்க முடியவில்லை என்பதாலேயே உங்கள் புகார் பொய்ப் புகார் ஆகிவிடாது. பெண்கள் விடுதிக்கு மட்டும் தனிக் கட்டுப்பாடு போடப் 'பாதுகாப்பு' என்பதைக் காரணமாகக் காட்டக் கூடாது என்று அதே 2015 விதிமுறைகள் சொல்கின்றன. கட்டணம், சான்றிதழைத் தராமல் வைத்துக்கொள்வது, சாதிப் பாகுபாடு போன்றவற்றுக்கு 2023 விதிமுறைகளின்படி மாணவர் குறைதீர்ப்புக் குழு உண்டு. அது 15 வேலை நாளில் அறிக்கை தர வேண்டும். திருப்தி இல்லையென்றால் 15 நாளுக்குள் பல்கலைக்கழகக் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம்.

குழு உறுப்பினர்களின் பெயரும் எண்ணும் அந்தப் பக்கத்தின் கடைசியில் இருக்கின்றன. என்னுடையதும் இருக்கிறது. அச்சான பிறகு புகார்கள் கூடிவிட்டன என்று நிர்வாகக் குழுவில் ஒருவர் குறைபட்டுக்கொண்டார். ஐந்து வந்திருக்கின்றன, எண்ணூறு பிள்ளைகள் படிக்கிற இடத்தில். ஐந்திலும் தேதி இருக்கிறது, கையெழுத்து இருக்கிறது. பெற்றுக்கொண்டதற்கான முத்திரையும் இருக்கிறது. புதன்கிழமை ஜெபக்கூட்டமும் நடக்கிறது, நானும் போகிறேன்.