இரண்டாவது அன்னப்பிராசனம்

சாப்பிடும் வித்தையை மனிதன் தன் ஆயுளில் இரண்டு முறை கற்றுக் கொள்ள நேரிடும் என்று, நாம் பள்ளிக்கூடத்தில் போதிக்கும் எந்தப் பாடப் புத்தகத்திலும் எழுதியிருக்கவில்லை. முதல் முறை, பிறந்து ஆறு மாதம் ஆனதும், பந்து மித்திரர்கள் சூழ மடியில் உட்கார்த்தி வைத்துக் குழைந்த சாதத்தை நாவில் தடவுகிறார்கள். இரண்டாம் முறை நமக்கு நேர்ந்தது 46-ஆம் வயதில். அழைப்பும் இல்லை, மேளமும் இல்லை. நர்ஸ் அம்மாள் ஒருத்தி சிறு கிண்ணத்தில் 30 மில்லி தண்ணீர் கொண்டுவந்து வைத்து, "கால் மணி நேரத்தில் மெதுவாகக் குடியுங்கள், ஸார்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். 2024-ஆம் ஆண்டு கோடை விடுமுறையில் நமது எடை 121 கிலோ. உயரம் 168 சென்டிமீட்டர். ஒன்பது வருஷமாக நீரிழிவு வேறு கூடவே குடியிருந்தது. மாத்திரை போதாமல் இன்சுலினும் ஏற்றிக் கொண்டிருந்தோம். மாடியிலுள்ள பத்தாம் வகுப்புக்கு ஏறிப் போய்ச் சேர்ந்தால், மூச்சு அடங்கும் வரையில் வருகைப் பதிவேட்டைப் புரட்டிக் கொண்டிருப்போம். மாணவர்கள் நம்மை மிக நிதானமான உபாத்தியாயர் என்று மதித்து வந்தார்கள். வைத்தியர்களின் யோசனைப்படி இரைப்பையைச் சுருக்கும் ரண சிகிச்சைக்கு உடன்பட்டோம். வளைந்த பை போன்ற இரைப்பையில் சுமார் ஐந்தில் நான்கு பாகத்தை நீளவாட்டில் அறுத்து எடுத்துவிட்டு, மிஞ்சியதை ஒரு குழாய் போல விட்டுவிடுகிறார்கள். ஏறக்குறைய ஒரு படி கொண்ட பாத்திரம் ஓர் ஆழாக்குக்கும் குறைந்ததாக ஆகிவிடுகிறது.

வாயைக் கட்டினால் போதாதா, வயிற்றை வெட்டுவானேன் என்று கேட்கும் சினேகிதர்கள் உண்டு. வாயைக் கட்டிப் பார்த்தவர்கள் அப்படிக் கேட்பதில்லை. உடம்பு இளைக்க இளைக்கப் பசி அதிகமாகும்படி அல்லவா பிரகிருதி ஏற்பாடு செய்திருக்கிறது! 1999-ஆம் ஆண்டில் ஜப்பானிய விஞ்ஞானிகளான கொஜிமாவும் கங்காவாவும் அவர்களைச் சேர்ந்தவர்களும் 'கிரெலின்' என்னும் சுரப்பைக் கண்டுபிடித்தார்கள். பசியைத் தூண்டும் இந்தச் சுரப்பு பெரும்பாலும் இரைப்பையின் மேற்பாகத்தில் உண்டாகிறது. ரண சிகிச்சையில் வெட்டி எடுக்கப்படுவதும் அந்தப் பாகமே. ஆகவே, முதல் சில மாதங்கள் நமக்குப் பசி என்பதே தோன்றவில்லை. மத்தியான மணி அடிக்கும். வயிறு பேசாமல் இருக்கும். கடிகாரத்தைப் பார்த்து, கடமையைச் செய்வது போலச் சாப்பிட்டு வந்தோம்.

ஆனால் ஆசையின் இருப்பிடம் இரைப்பை அன்று போலும். பக்கத்து வீட்டில் சின்ன வெங்காய சாம்பார் கொதித்தால், நாற்பது வருஷப் பழக்கமுள்ள மனம் எழுந்து உட்கார்ந்துவிடும். பசியில்லாமல் ஆசை மட்டும் இருப்பது விசித்திரமான நிலை. ஆசையோடு இரண்டு கவளம் உண்டவுடன் மார்புக்குக் கீழே ஒரு கதவு சாத்திக் கொள்ளும். மூன்றாவது கவளம் வெளியே நிற்க வேண்டியதுதான்.

பாடத் திட்டமோ மிகக் கடுமை. முதல் இரண்டு வாரம் பருப்புத் தண்ணீர், வடிகட்டிய ரசம், நீர் மோர். பிறகு மசித்தவை, அதன் பிறகு மெத்தென்றவை. இரண்டு மாதம் கழித்தே வீட்டுச் சாப்பாடு. ஒவ்வொரு கவளத்தையும் கூழாகும் வரையில் மெல்ல வேண்டும். சிறு கிண்ணம் ஒன்றைக் காலி செய்ய ஒரு நாழிகை ஆகும். சாப்பாட்டோடு தண்ணீர் கூடாது; உண்டு அரை மணி கழித்தே குடிக்கலாம், அதுவும் வாய் வாயாக. தொண்டை காயப் பேசிப் பிழைக்கும் உத்தியோகஸ்தனுக்கு இது சாமானிய தண்டனை அல்ல. செய்யுள் ஒன்றுக்கு ஒரு வாய்த் தண்ணீர் என்று வகுப்பில் கணக்கு வைத்துக் கொண்டோம். பையன்கள் நாளடைவில் தாங்களே ஞாபகப்படுத்தலானார்கள்.

எல்லாவற்றிலும் பெரிய புரட்சி இலையில் நடந்தது. நாள் ஒன்றுக்கு 60 கிராம் புரதமாவது உள்ளே போக வேண்டும் என்பது வைத்தியர் உத்தரவு. இட்டிலி ஒன்றில் இருப்பதோ சுமார் 2 கிராம். அந்தக் கணக்கில் 30 இட்டிலி வேண்டும். நமக்கு அநுமதி ஒன்று! ஆகவே கூட்டு, சுண்டல், பனீர், கட்டித் தயிர் ஆகியவை முன்னால் வந்தன. சாதம் கடைசியில், இடமிருந்தால். தலைமுறை தலைமுறையாகத் தொட்டுக் கொள்வதாக இருந்தது சாப்பாடாகவும், சாப்பாடாக இருந்தது தொட்டுக் கொள்வதாகவும் மாறிப் போயிற்று. பாயசத்தின் கதை தனி. இனிப்பான திரவம் அவசரமாகக் குடலுக்குள் இறங்கிவிட்டால், உடம்பிலுள்ள நீர் அங்கே இழுக்கப்படுகிறது. மார்பு படபடக்கும், வேர்க்கும், தலை சுற்றும். இதைக் கலியாண வீட்டில் பரிமாறுகிறவருக்கு எப்படி விளக்குவது? 'போதும்' என்றால் நம் பந்திகளில் 'இன்னும் கொஞ்சம்' என்றல்லவா அர்த்தம்!

ஆயினும், நம்மை உண்மையில் கலங்க வைத்தது நம் வயிறு அன்று, நம் தாயார். அவருக்கு வயது 74. பிரியம், வருத்தம், சமாதானம் எல்லாவற்றையும் கரண்டியாலேயே சொல்லிப் பழகியவர். நாம் பரீட்சையில் தேறியதற்கும் அதிரசம் செய்தார். நம் தம்பி தேறாமற் போனதற்கும் அதிரசம் செய்தார். நாம் இரண்டு கரண்டிச் சாப்பாட்டோடு எழுந்தபோது அவர் வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. அடுக்களைக்குப் போய்க் குழம்பைத் தாமே ருசி பார்த்தார். "உப்பு கூடிப் போய்விட்டதா, தம்பி?" என்று அந்த வாரத்தில் நாலைந்து தடவை கேட்டார். இரைப்பையின் படத்தைக் காட்டி விளக்கினோம். தலையை ஆட்டினார். மறுநாள் மறுபடியும் உப்பைப் பற்றிக் கேட்டார்.

மூன்றாம் மாதத்தில் நம் மனைவிதான் கவனித்தாள். தாயாருடைய ரவிக்கை தோளில் தொங்கிற்று. நாம் தினம் ஏறி நிற்கும் எடை யந்திரத்தில் அவரை ஏற்றினோம். 52 கிலோ இருந்தவர் 47 ஆகியிருந்தார். நாம் இளைப்பதற்கு ரண சிகிச்சை வேண்டியிருந்தது. அவர் ஒன்றும் இல்லாமலே இளைத்திருந்தார். என்ன அம்மா இது என்று கேட்டோம்.

"நீ குருவி மாதிரி கொத்திவிட்டு எழுந்து போகிறாய். நான் எப்படித் தம்பி தட்டு நிறையப் போட்டுக் கொண்டு உட்காருவேன்?" என்றார்.

ஆஸ்பத்திரியில் கொடுத்த புத்தகத்தில் நோயாளி எதை, எப்போது, எத்தனை கிராம் உண்ண வேண்டும் என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறது. வீட்டிலுள்ள மற்றவர்களைப் பற்றி ஒரு வரி இல்லை. அடுத்த பதிப்பில் ஒரு பக்கமாவது சேர்க்க வேண்டும் என்பது நமது அபிப்பிராயம். கத்தி பட்டது ஒருவர் வயிற்றில். பத்தியம் கிடந்தவர்கள் இருவர்.

அன்று இரவே ஏற்பாட்டை மாற்றினோம். தாயார் முதலில் உட்காருவது, பரிமாறுவது நாம். கரண்டி பிடித்துப் பழக்கமில்லாத கை. முதல் நாள் ரசத்தில் பாதி தட்டுக்கு வெளியே ஓடிற்று. அவர் சிரித்துச் சிரித்துப் புரையேறிக் கொண்டார். பரிமாறிவிட்டுப் பக்கத்தில் நம் கிண்ணத்தோடு உட்காருவோம். அவர் நிதானமாகச் சாப்பிட்டு முடிக்கவும், நம் ஒரு நாழிகை ஆகவும் சரியாக இருக்கும். நாளடைவில் தாயார் முளை கட்டிய பயற்றை அரைத்து நமக்கென்று மெல்லிய அடை வார்க்கத் தொடங்கினார். தராசில் கிராம் பார்த்து நிறுப்பதற்கு மட்டும் அவர் ஒப்பவில்லை. பரண் மேல் கிடந்த பித்தளை ஆழாக்கைத் தேடி எடுத்துப் புளி போட்டுத் துலக்கி வைத்திருக்கிறார். அதில் முக்காலே அரைக்கால் நமக்குப் பங்கு.

இப்போது நமது எடை 84 கிலோ. இன்சுலின் நின்றது. இரும்பு, சுண்ணாம்புச் சத்து, பி-12 ஆகிய மாத்திரைகள் ஆயுள் பரியந்தம் உண்டு. நடுவில் தலைமயிர் கொத்துக் கொத்தாக உதிர்ந்து, மறுபடி முளைத்தது. அது போனால் போகிறது. பசியும் பழைய ஜோரில் இல்லாவிட்டாலும் சில மத்தியானங்களில் எட்டிப் பார்க்கிறது. தாயார் 50 கிலோவுக்கு வந்திருக்கிறார். நேற்று இரவு இரண்டாம் தடவை கூட்டு வைக்கப் போனோம். தட்டின் மேல் இரண்டு கைகளையும் விரித்து, "போதும், போதும்" என்றார். இன்னும் ஒரு கரண்டி வைத்தோம்.