21,001

சம்பளச் சீட்டில் ஈ.எஸ்.ஐ. பிடித்தம் பலரும் பார்க்காமல் தாண்டிப்போகும் வரி. தொழிலாளியிடம் 0.75 சதவீதம், முதலாளியிடம் 3.25. மாதம் 12,000 வாங்குபவரிடம் 90 ரூபாய் பிடிப்பார்கள், நிறுவனம் 390 போடும். இந்த 480-க்கு அவருக்கும், மனைவி மக்களுக்கும், அவரை நம்பியிருக்கும் பெற்றோருக்கும் வைத்தியம். வயதென்ன, சர்க்கரை உண்டா என்று பார்த்து யாரும் தொகையை ஏற்றுவதில்லை. தனியார் பாலிசியில் அதுதான் முதல் கேள்வி.

இருபத்தைந்து வயதுப் பையனிடம் விருப்பம் கேட்டால் "எனக்கெதுக்குங்க?" என்று போய்விடுவான். நோயாளி இருக்கும் வீடுகள் மட்டும் மிஞ்சினால் 4 சதவீதத்தில் கட்டுப்படியாகாது. அதனால்தான் 1948-ஆம் ஆண்டுச் சட்டம் இதைக் கட்டாயமாக்கியது.

ஆனால் அதே திட்டத்தில் சம்பள உச்சவரம்பு ஒன்றும் உண்டு. 2017 ஜனவரியில் அது 21,000 ஆனது; மாற்றுத்திறனாளிகளுக்கு 25,000. ஒரு ரூபாய் கூடினாலும் ஆள் வெளியே. உடனே இல்லை, நடப்பு அரையாண்டு முடியும்வரை பிடித்தம் தொடரும், அதற்குரிய பலனும் கிடைக்கும். அப்புறம் ஒன்றுமில்லை. ஓவர்டைம் பணம் இந்த வரம்புக் கணக்கில் வராது, ஆனால் 1948 சட்டத்தின்படி பிடித்தம் மட்டும் அதற்கும் இருந்தது! இப்படி ஒரு 'இஃப்' கண்டிஷனை எங்கள் டீமில் யாராவது எழுதினால் ரிவியூவில் திருப்பி அனுப்பிவிடுவோம்.

சித்தி மகன் அம்பத்தூரில் மெஷின் ஆபரேட்டர். சம்பளம் 20,400. சித்திக்கு வாரம் மூன்று டயாலிசிஸ், ஈ.எஸ்.ஐ.யில்தான். போன வருஷம் 1,500 ஏற்றுவதாகச் சொன்னார்கள்.

"வேணாம்னுட்டேன் அண்ணா. ஓ.டி. வேணா சேத்துக் குடுங்கன்னேன்."

சூப்பர்வைசர் சிரித்தாராம். சிரிக்க என்ன இருக்கிறது? வெளியே அந்த 1,500 ஒரு தடவைக்குக் காணாது. மாதத்துக்குப் பதின்மூன்று தடவை. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்கு ஆண்டு வருமான வரம்பு 1,20,000, அதை அவன் எப்போதோ தாண்டிவிட்டான். அரசு மருத்துவமனையில் இலவசம்தான், ஆனால் இடம் கிடைக்க வேண்டும். அவன் கணக்கு சரி. அந்தச் சம்பள உயர்வின் மீது அவனுக்கு விழுந்திருக்கக்கூடிய வரி 100 சதவீதத்துக்கும் எவ்வளவோ மேல்.

பி.எஃப்.பில் இப்படியில்லை. ஏற்கெனவே உறுப்பினராக இருப்பவரின் சம்பளம் 15,000-ஐத் தாண்டினால் அவரை வெளியேற்றுவதில்லை. நிறுவனம் கட்டாயமாகக் கட்ட வேண்டிய தொகை மட்டும் 15,000-க்கான அளவில் நின்றுகொள்ளும். ஈ.எஸ்.ஐ.யிலும் வரம்பைப் பிடித்தத்துக்கு வைக்கலாமே, ஆளுக்கு எதற்கு? என்னிடமும் 21,000-க்கான 158 ரூபாயைப் பிடிக்கட்டும். ஆஸ்பத்திரியில் கூட்டம் கூடும் என்பார்கள். கூடட்டும். என்னைப் போன்ற ஆட்கள் வந்து அந்த வரிசையில் நின்றால், கவுன்டர் ஏன் இன்னும் திறக்கவில்லை என்று கேட்க ஆளுக்கொரு ட்விட்டர் கணக்காவது இருக்கும்.