ஒரே ஒரு மேட்ச்!



இந்த மாதச் சுவர்ப் பத்திரிகைக்கு "செல்போன் நன்மையா? தீமையா?" என்று ஒரு கட்டுரை எழுதித் தரச் சொல்லி தமிழ் டீச்சர் சொன்னார்கள். அந்தத் தலைப்பில் நான் ஏழாம் வகுப்பிலேயே எழுதிவிட்டேன். "அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு" என்று முடித்து, பத்துக்கு ஒன்பது மார்க்கும் வாங்கினேன். எழுதின அன்னைக்கு ராத்திரியே போர்வைக்குள்ள படுத்துக்கிட்டு கேம் விளையாடினேன். அதனால் இந்தத் தடவை பழமொழி வேண்டாம் டீச்சர், நடந்ததை எழுதுகிறேன் என்று கேட்டேன். சரி என்றார்கள். படிச்சிட்டு யாரும் கிண்டல் பண்ணக் கூடாது!

எங்கள் வீட்டில் நாலு பேர். அப்பா திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறார்கள். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவைதான் ஊருக்கு வருவார்கள். அம்மா பீடி சுற்றுகிறார்கள். தம்பி மூணாம் வகுப்பு. வீட்டில் ஒரே ஒரு போன்தான். 2020-ல் கொரோனா வந்து பள்ளிக்கூடத்தைப் பூட்டினபோது நான் நாலாம் வகுப்பு. வாட்ஸ்அப்பில் வீட்டுப்பாடம் வருகிறது என்று அப்பா கடன் வாங்கி அந்த போனை வாங்கித் தந்தார்கள். பாடம் படிக்க வந்த போன்ல கேம் எப்படி வந்துச்சுன்னு மட்டும் கேக்காதீங்க.

சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டுப் போனால் எனக்கு வேலை இருக்கும். தண்ணி பிடிக்கணும், பாத்திரம் கழுவணும், சோறு வடிக்கணும், தம்பியைப் படிக்க வைக்கணும். பீடித் தட்டை மட்டும் அம்மா என்னைத் தொட விடமாட்டார்கள். "படிக்கிற பிள்ளைக்குத் தூள் நெடி ஆகாது" என்பார்கள். அது போக கோயில் வேலை. எங்கள் ஊரில் சர்ச்சையும் கோயில் என்றுதான் சொல்வோம். நான் அங்கே ஓய்வுநாள் பள்ளியில் சின்னப் பிள்ளைகள் வகுப்புக்கு உதவி டீச்சர். விடுமுறை வேதாகமப் பள்ளி நடக்கும் மே மாதத்திலும், கிறிஸ்துமஸ் பஜனை சுற்றும் டிசம்பரிலும் வாலிபர் ஐக்கிய அக்காமார் எங்களைத்தான் ஓட வைப்பார்கள். நம் பள்ளியில் எல்லா மதத்துப் பிள்ளைகளும் இருக்கோம். அம்மன் கோயில் கொடைக்குப் பந்தலில் நின்று தண்ணீர் ஊத்துகிறவர்களுக்கும், நோன்புக் கஞ்சி வாங்கி வீடு வீடாகக் கொண்டு போய்க் கொடுக்கிறவர்களுக்கும் இந்த வேலை எப்படி இருக்கும் என்று தெரியும். கஷ்டமா இருக்கும், ஆனா விடவும் மனசு வராது.

எனக்கு கேமும் பிடிக்கும். அதை ஏன் மறைக்கணும்? பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு துப்பாக்கி சுடுற கேம் என்று பெரியம்மா கேட்டார்கள். நாலு பேர் ஒரு அணி. நான் மறைஞ்சிருந்து சுடுவேன். ஜெயித்தால் நாலு பேரும் "சூப்பர்! சூப்பர்!" என்று போடுவார்கள். நான் நாலு வருஷமாகப் பாத்திரம் கழுவுகிறேன், ஒருத்தர்கூட எனக்கு சூப்பர் சொன்னது இல்லை. கேமில் அஞ்சு நிமிஷத்தில் சொல்லிவிடுகிறார்கள். இதுதான் உண்மையான காரணம் என்று இப்போது தோன்றுகிறது.

ஆனால் அந்த சூப்பருக்காக நான் என்னென்ன செய்தேன் தெரியுமா? அப்பா ராத்திரி எட்டரைக்கு போன் பண்ணுவார்கள். மேட்ச் நடுவில் அழைப்பு வந்தால் கட் பண்ணிவிட்டு, "சிக்னல் இல்லப்பா" என்று பிறகு சொல்வேன். அப்பா அதையும் நம்பிவிடுவார்கள்.

இனிமேல்தான் முக்கியமான விஷயம். 2025 டிசம்பரில் ஓய்வுநாள் பள்ளி கிறிஸ்துமஸ் விழாவுக்கு மேய்ப்பர்கள் நாடகம் பழக்கும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். மொத்தம் 11 பிள்ளைகள். தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு கோயிலில் ஒத்திகை. ஒரு புதன்கிழமை, மானம் மூடிக்கிட்டு இருந்தது. அஞ்சரைக்கு போனை எடுத்தேன். "ஒரே ஒரு மேட்ச்" என்றுதான் நினைத்தேன். ஜெயிச்சிட்டோம். அணியில் உள்ளவர்கள் இன்னொன்று என்றார்கள். அதில் தோத்தோம். தோத்துட்டு எப்படிப் போறது? மூணாவதும் போட்டோம். நடுவில் மழை வந்துவிட்டது. அப்பாடா, மழைக்கு எந்தப் பிள்ளையும் வந்திருக்காது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கிட்டேன்.

ஏழேகாலுக்கு கோயில் மணி அடிக்கிற தாத்தா குடையோடு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். கையில் ஒரு பையன். ஒண்ணாம் வகுப்பு. மேய்ப்பன் மாதிரி தலையில் துண்டு கட்டியிருந்தான், அது நனைஞ்சு போய் இருந்தது. மத்த பிள்ளைகள் எல்லாம் வந்து பார்த்துவிட்டுப் போயிட்டார்களாம். இவனுடைய அம்மா பீடி கொடுக்க கடைக்குப் போகும்போது, "அக்கா வந்து பழக்கிட்டு வீட்டுல கொண்டு விடுவா" என்று சொல்லிவிட்டுப் போனதால், கரண்ட் போன பிறகும் கோயில் படியிலேயே இருந்திருக்கிறான்.

அவன் அழவில்லை. என்னைப் பார்த்து, "அக்கா, உங்களுக்குக் காய்ச்சலா?" என்று கேட்டான்.

நான் "ஆமா" என்றேன்.

போன் என் கையில் இருந்தது. அம்மா பீடித் தட்டை மடியில் வைத்தபடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். அவனுக்குத் தலை துவட்டி, காப்பி போட்டுக் கொடுத்து, தாத்தாவோடு அனுப்பினார்கள். நல்லா அடி விழப்போகுது என்று நினைத்தேன். அம்மா அடிக்கவில்லை. "விளையாண்டது கூடப் போகுது. அந்தப் பச்சப் பிள்ளைகிட்ட ஏன்ட்டி பொய் சொன்ன?" என்று மட்டும் கேட்டார்கள். அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

மறுநாள் கொஞ்சம் முன்னாடியே கோயிலுக்குப் போனேன். அவனைத் தனியாகக் கூப்பிட்டு, "அக்காவுக்கு நேத்து காய்ச்சல் இல்லடா. கேம் விளையாண்டுட்டு இருந்துட்டேன். தப்புதான்" என்றேன். அவன் கொஞ்ச நேரம் யோசிச்சான். பிறகு கேட்டான்: "ஜெயிச்சீங்களா அக்கா?"

"இல்லடா" என்றேன். எனக்கு சிரிப்பும் வந்துச்சு, அழுகையும் வந்துச்சு.

ஏன் என்னால் நிறுத்த முடியவில்லை என்று அறிவியல் சாரிடம் கேட்டேன். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் கேமிங் டிஸ்ஆர்டர் என்பதை நோய்ப் பட்டியலில் சேர்த்தது என்றும், அந்தப் பட்டியல் 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது என்றும் சொன்னார்கள். எனக்குப் பயமாகிவிட்டது. "விளையாடுகிற எல்லாருக்கும் அது கிடையாதும்மா. ஆரம்பிக்கவும் நிறுத்தவும் நம்ம கையில இல்லாம போறது, மத்த எல்லா வேலையையும்விட கேமே பெருசாத் தெரியறது, கெடுதல் வந்தும் விடாம விளையாடறது, இந்த மூணும் வழக்கமா ஒரு வருஷமாவது இருந்து, வாழ்க்கையையே கெடுத்தாத்தான் அப்படிச் சொல்லுவாங்க" என்றார்கள். அந்தப் புதன்கிழமை ஒருநாளில் எனக்கு மூணுமே இருந்தது!

வீட்டில் ஒரு விஷயம் கண்டுபிடித்தேன். அம்மாவின் பழைய பட்டன் போனில் பாம்பு கேம் இருக்கிறது. அந்தக் கேம் 1997-லேயே நோக்கியா போனில் வந்ததாம். அம்மாவும் நான் பிறக்கும் முன்னாடி அதை விளையாடுவார்களாம்! ஆனால் பாம்பை நடுவில் நிறுத்திவிட்டுச் சோறு பார்க்கப் போகலாம். ஆள் சேர்ந்து ஆடுகிற ஆன்லைன் மேட்சை நிறுத்த முடியாது. நாம போனா மத்த மூணு பேரும் திட்டுவார்கள். ஒருநாள் வராவிட்டால் அன்றைய பரிசு போய்விடும். நான் கெட்ட பிள்ளை என்பதால் மட்டும் இல்லை, விடாமல் வர வைக்கிற மாதிரியே அந்தக் கேமைச் செய்து வைத்திருக்கிறார்கள். அது தெரிஞ்சா நாமளும் அதுக்குத் தக்கபடி நடந்துக்கலாம்.

நான் இப்போது செய்வது இவ்வளவுதான்:

1. முன்னால் முழுசாக முக்கால் மணி நேரம் சும்மா இருந்தால்தான் மேட்ச். இல்லாவிட்டால் பாம்பு.

2. சாயங்காலம் அஞ்சரைக்கு போன் அம்மாவின் பீடித் தட்டுக்குப் பக்கத்தில் போய்விடும். நானே கொண்டுபோய் வைக்கணும், அம்மா கேட்க மாட்டார்கள்.

3. அப்பா அழைத்தால் தோற்றாலும் பரவாயில்லை, எடுத்துவிடணும். சிக்னல் பொய்யையும் அப்பாவிடம் சொல்லிவிட்டேன். "எனக்கு அப்பவே தெரியும்லா" என்றார்கள்!

4. அணியில் உள்ளவர்களிடம், "அஞ்சரைக்கு மேல வரமாட்டேன்" என்று எழுதிவிட்டேன். ஒருத்தர் அணியை விட்டே போயிட்டார். மத்தவங்க சரின்னுட்டாங்க.

கேமில் இருந்து ஒரு நல்லதையும் கோயிலுக்குக் கொண்டு போனேன். நாடகப் பிள்ளைகளுக்கு வசனம் ஒன்று மனப்பாடம் ஆனால் ஒரு லெவல் என்று வைத்தேன். ஒவ்வொரு லெவலுக்கும் எல்லாரும் சேர்ந்து "சூப்பர்" சொல்லணும். நாலே நாளில் முழு நாடகமும் வந்துவிட்டது. எங்கள் ஓய்வுநாள் பள்ளி டீச்சர் ஒரு விஷயம் சொன்னார்கள். 1780-ல் இங்கிலாந்தில் குளோஸ்டர் என்ற ஊரில் ராபர்ட் ரைக்ஸ் என்பவர் ஏழைப் பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமைப் பள்ளி நடத்தினாராம். வாரம் முழுக்க வேலைக்குப் போன பிள்ளைகளுக்கு அந்த ஒருநாள்தான் லீவாம். அந்த ஒருநாளைக்கும் டீச்சர் வராமல் இருந்திருந்தால் அந்தப் பிள்ளைகள் என்ன செய்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

நான் முழுசாகத் திருந்திவிட்டேன் என்று எழுதினால் அது இன்னொரு பொய். பொங்கல் லீவில் ஒருநாள் ராத்திரி பத்து மணி வரைக்கும் விளையாடினேன். மறுநாள் நானே அம்மாவிடம் சொன்னேன். ரெண்டு நாள் போன் கிடையாது என்றார்கள். சரி என்றேன்.

கிறிஸ்துமஸ் விழாவில் அந்தப் பையனுக்கு ஒரே ஒரு வசனம்தான். அதை அவன் சத்தமாக ரெண்டு தடவை சொன்னான். மேடையில் இருந்தபடியே நான் இருக்கேனா என்று திரும்பிப் பார்த்தான். நான் திரைக்குப் பக்கத்தில் நின்றேன். அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி "சூப்பர்" என்றேன். வீட்டுக்கு வந்து, பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அம்மாவுக்கும் ஒரு சூப்பர் சொன்னேன். "என்னட்டி ஆச்சு உனக்கு?" என்று கேட்டார்கள்.

மணி அடிச்சிருக்கும், வகுப்புக்குப் போங்க!

இப்படிக்கு,
9-ஆம் வகுப்பு மாணவி