செஞ்சிக் கோட்டையும் செவிலியர் கலையும்

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை செல்லும் சாலையில் பேருந்து செஞ்சியை நெருங்கும்போதே, பாறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்தாற்போன்ற குன்றுகள் நம்மை எதிர்கொள்கின்றன. 1677இல் சிவாஜி கைப்பற்றிய கோட்டை இது. முகலாயப் படை ஆண்டுக்கணக்கில் முற்றுகையிட்ட பின்னரே 1698இல் வீழ்ந்தது. 2025இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலிலும் இடம்பெற்றுவிட்டது.

இராசகிரியின் அடிவாரத்தில் நெற்களஞ்சியம், குதிரை லாயம், உடற்பயிற்சிக்கூடம் என ஒவ்வொன்றும் தன் தொழிலுக்கு ஏற்பத் தனித்தனியே எழுந்து நிற்கிறது. உச்சிக்கருகே ஒரு பாறைப் பிளவு; அதன்மேல் ஒரு சிறு பாலம். சிலரே நின்று பலரைத் தடுக்கத்தக்க இடம். அங்கே நாள்தோறும் காவல் நின்றவன் அதன் ஒவ்வொரு கல்லையும் அறிந்திருப்பான் என்று எண்ணிக்கொண்டே இறங்கினோம்.

நாம் செஞ்சிக்கு வந்தது கோட்டையைக் காண மட்டுமன்று. பனையிலிருந்து விழுந்து, கழுத்தில் தண்டுவடம் சிதைந்த உறவினர் ஒருவரையும் காண வந்திருந்தோம். சக்கர நாற்காலியில் அமர்ந்து முகமலர்ச்சியுடன் வரவேற்றார். அவருடைய மனைவி கூறிய நிகழ்ச்சியே இக்கட்டுரைக்குக் காரணம்.

காய்ச்சலுக்காக ஒரு மருத்துவமனையின் பொது வார்டில் அவரைச் சேர்த்திருந்தனராம். நள்ளிரவில் திடீரென்று தாங்கொணாத் தலைவலி. முகம் சிவந்து நெற்றியில் வியர்வை கொட்டியது. பணியிலிருந்த செவிலியர் பரிவோடு அவரைப் படுக்க வைக்க முற்பட்டார். "சிஸ்டர், படுக்க வைக்காதீர்கள்! நிமிர்த்தி உட்கார வைத்துச் சிறுநீர்க் குழாயைப் பாருங்கள்" என்று மனைவி மன்றாடினார். குழாய் மடங்கிக் கிடந்தது. நேராக்கியதும் சிறிது நேரத்தில் வலி தணிந்தது.

மார்புப் பகுதியின் ஆறாவது தண்டுவடக் கணுவிலோ அதற்கு மேலோ அடிபட்டவர்க்கு இவ்வாபத்து நேரலாம். சிறுநீர்ப்பை நிரம்பினும் அவர் அதை உணரார். ஆனால் இரத்தக் குழாய்கள் இறுகி இரத்த அழுத்தம் விரைந்து ஏறும். படுக்க வைத்தால் மேலும் ஏறும். மூளையில் இரத்தக் கசிவும் நேரலாம். இவர்களுடைய வழக்கமான அழுத்தம் தாழ்ந்திருப்பதால், பிறர்க்கு இயல்பான அளவே இவர்க்கு எச்சரிக்கையாகலாம்.

இதை அவர் எங்கே கற்றார்? வேலூரில். விபத்தில் தாமே கால்கள் செயலிழந்த மருத்துவர் மேரி வர்கீஸ் முன்னின்று உழைக்க, 1966இல் பாகாயத்தில் எழுந்தது கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மறுவாழ்வு நிலையம். இத்தகையோரையே நாள்தோறும் பேணும் செவிலியர்க்கு அக்குழாயைப் பார்ப்பது கைப்பழக்கம். இங்கிலாந்தில் 1944இல் லுட்விக் குட்மன் ஸ்டோக் மாண்டவில்லில் தனிப் பிரிவு தொடங்குமுன், இந்நோயாளருள் பெரும்பாலோர் படுக்கைப் புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும் மாண்டனர். இரவும் பகலும் இரண்டு மணிக்கொருமுறை அவர்களைப் புரட்டிப் படுக்க வைத்த கைகளே அந்நிலையை மாற்றின.

பொது வார்டுச் செவிலியரைக் குறை கூறுதல் நம் நோக்கமன்று. பிரசவம், பாம்புக்கடி, நெஞ்சுவலி என எல்லாவற்றையும் ஒருசேரத் தாங்குபவர் அவர். ஆண்டுக்கொருமுறை காணும் நோயின் நுட்பத்தை அவர் எவ்வாறு அறிவார்? ஆனால் அறிந்தவரிடம் கேட்கலாம். அன்றிரவு அச்செவிலியர் கேட்டார். ஓர் உயிர் தப்பியது.

ஆகவே இத்தகையோர் உள்ள குடும்பங்கள், அவருடைய வழக்கமான இரத்த அழுத்தம், குழாய் மாற்றும் நாள், புரட்டிப் படுக்க வைக்கும் நேரம், இவ்வாபத்தின் அடையாளங்கள் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி வைத்திருப்பது நன்று. எந்த வார்டில் சேர்த்தாலும் அத்தாள் கட்டிலருகே இருக்கட்டும்.

விடைபெறும்போது அவ்வம்மையார் அலமாரியிலிருந்து மடித்த தாளொன்றை எடுத்துக் காட்டினார். அந்த இரவுக்குப் பின் எழுதியதாம்.