மூன்று பல் குறைந்தபோது

லேக் கார்டன்ஸில் எங்கள் வீட்டு வாசலில் ஒரு மோரிஸ் மைனர் நிற்கிறது. 1957-ல் செய்த வண்டி. ஊர் திரும்பிய ஓர் ஆங்கிலேய அதிகாரியிடமிருந்து 1966-ல் அப்பா வாங்கினார். சுருக்கெழுத்தை மட்டும் நம்பி கும்பகோணத்திலிருந்து கிளம்பி 1958-ல் ஹௌராவில் வந்து இறங்கியவர் அவர். வீடு வாங்கியதைவிட கார் வாங்கியதைத்தான் பெருமையாகச் சொல்லுவார்.

அப்பாவின் தங்கை கரக்பூரில் இருந்தாள். அத்தையின் கணவர் ரயில்வேயில் வேலை பார்த்து அங்கேயே வீடு கட்டிக்கொண்டவர். மாதம் ஒருமுறை அவளைப் பார்க்கப் போவது அப்பாவுக்கு ஒரு விரதம் மாதிரி. ரயிலில் போனால் இரண்டரை மணி நேரம். ஆனால் எண்பது வயதுக்கு மேல் ஹௌரா ஸ்டேஷன் நெரிசலில் அவரால் ஏறி இறங்க முடியவில்லை. வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்த நான் ஸ்டியரிங்கைப் பிடித்தேன். வேறு கார் வாங்கலாம் என்று சொல்லிப் பார்த்தேன். "இது ஓடுற வரைக்கும் இதுலதான்" என்றார்.

வித்யாசாகர் சேது தாண்டி, கோனா எக்ஸ்பிரஸ்வே வழியாக நெடுஞ்சாலையைப் பிடித்தால் உலுபேரியா, பாக்னான், கோலாகாட் என்று சாலை நீண்டு விரிந்து கிடக்கும். அங்கேதான் தொல்லை. அறுபது கிலோமீட்டரில் போனால் பின்னால் வரும் லாரிக்காரன் ஹாரனை விட்டுக் கையை எடுக்கமாட்டான். எண்பதில் போனால் எஞ்சின் போடும் இரைச்சலில் ஒரு வார்த்தை பேச முடியாது. அப்பாவுக்கு வலது காது மந்தம். இடது பக்கம் உட்கார்ந்தால் அந்தக் காதுதான் என் பக்கம் இருக்கும். கரக்பூர் போய்ச் சேரும்வரை இருவரும் ஊமைகளாக இருப்போம்.

இதற்கு வழி சொன்னவர் டாலிகஞ்ச் பக்கம் கராஜ் வைத்திருக்கும் எங்கள் மிஸ்திரி. உத்தர்பாராவில் செய்த அம்பாசடர்களைப் பிரித்துப் பூட்டியே வாழ்நாளைக் கழித்தவர். அம்பாசடரும் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் வாரிசுதான். அந்த வகையில் எங்கள் மைனர் அதற்குத் தாயாதி. "எஞ்சினைக் குறை சொல்லாதீங்க தீதி. பின் ஆக்ஸிலில்தான் கணக்கு இருக்கு" என்றார் வங்காளத்தில்.

கணக்கு எளிமையானதுதான். எஞ்சினிலிருந்து வரும் நீளமான ஷாஃப்டின் முனையில் பினியன் என்ற சின்னப் பல்சக்கரம். அது சுழற்றுவது கிரவுன் வீல் என்ற பெரிய பல்சக்கரத்தை. எங்கள் வண்டியில் சின்னதற்கு 9 பல், பெரியதற்கு 41. அதாவது பின்சக்கரம் ஒருமுறை சுற்ற, ஷாஃப்ட் நாலரை முறைக்குச் சற்று அதிகமாகச் சுற்ற வேண்டும். எஞ்சின் சின்னது, 948 சி.சி. குதிரைச் சக்தி நாற்பதைக்கூட எட்டாது. நாலு பேரை ஏற்றிக்கொண்டு மேடு ஏற வேண்டுமானால் இந்த விகிதம் தேவை. அலெக் இஸ்ஸிகோனிஸ் வடிவமைத்து 1948-ல் வெளிவந்த கார் இது. பிரிட்டனின் முதல் மோட்டார் பாதைத் துண்டு பிரெஸ்டன் நகருக்கருகே திறக்கப்பட்டதே 1958 டிசம்பரில்தான். எங்கள் வண்டிக்கு அப்போது ஒரு வயது ஆகிவிட்டது. அகன்ற நெடுஞ்சாலை என்பது அதன் ஜாதகத்திலேயே இல்லை.

41 பல்லுக்குப் பதில் 38 பல் உள்ள சக்கரத்தைப் போட்டால்? விகிதம் 4.22 ஆகிவிடும். ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 2,450 முறை சுழன்ற எஞ்சின் 2,270 முறை சுழன்றால் போதும். இன்னும் ஆசைப்படுகிறவர்கள் அதே குடும்பத்து ஸ்போர்ட்ஸ் காரான ஸ்ப்ரைட்டிலிருந்து 3.9 விகிதத்தை எடுத்துப் போடுவதுண்டு. மிஸ்திரி அதை ஒப்புக்கொள்ளவில்லை. "இந்த எஞ்சின் அதை இழுக்காது. காத்து எதிரே அடிச்சா டாப் கியர்ல மூச்சு வாங்கும்."

இதை ஏதோ புதிய யோசனை என்று நினைக்க வேண்டாம். 1962-ல் மைனருக்கு 1098 சி.சி. எஞ்சின் வந்தபோது கம்பெனியே 4.22 விகிதத்துக்கு மாறியிருக்கிறது. பழைய வண்டியைத் தொடுவதே பாவம் என்று நினைப்பவர்கள் கல்கத்தாவில் நிறைய உண்டு. 1968 முதல் ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையின் பழங்கார் பேரணியைப் பார்த்து வளர்ந்த ஊர் இது. அவர்களுக்குச் சொல்ல எனக்கு நல்ல பதில் கிடைத்தது: கம்பெனி செய்ததைத்தானே நானும் செய்கிறேன்!

இங்கிலாந்தில் மைனருக்கு இன்றும் உதிரி பாகங்கள் கிடைக்கின்றன. அங்கிருக்கும் உறவுப் பையன் ஒருவன் மூலம் டிஃபரென்ஷியலை முழுதாகவே வரவழைத்தேன். கிரவுனும் பினியனும் ஜோடியாகவே இழைத்துப் பொருத்தப்பட்டவை. ஒன்றை மட்டும் மாற்றினால் ஊளையிடும், சீக்கிரமே தேயும். முழுதாக வந்ததால் மிஸ்திரிக்கு அந்தத் தலைவலி இல்லை. 2019 டிசம்பரில் ஒருநாள் காலை வண்டியின் பின்புறத்தைத் தூக்கி நிறுத்தினார். எண்ணெயை வடித்தார், இரு பக்கத்து ஷாஃப்டுகளையும் உருவினார், நட்டுகளைக் கழற்றிப் பழையதை வெளியே இழுத்தார். மாலை தேநீருக்குள் புதியது உள்ளே உட்கார்ந்துவிட்டது. அப்பா நாற்காலி போட்டு உட்கார்ந்து முழுவதையும் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

அந்த மாதம் கரக்பூருக்குப் போனபோது நாங்கள் பேசிக்கொண்டே போனோம். 1958-ல் பவானிபூர் மெஸ்ஸில் ஆறு பேர் ஓர் அறையில் படுத்ததை, அம்மாவைப் பெண் பார்க்கப் போனதை, அத்தை கல்யாணத்துக்காகக் கடன் வாங்கியதை எல்லாம் அப்பா சொல்லிக்கொண்டு வந்தார். அறுபது ஆண்டுகளாக எனக்குத் தெரியாத அப்பா ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மூன்று பல்லுக்கு இதைவிட என்ன விலை வேண்டும் என்று நினைத்தேன்.

விலையை ஊருக்குள் உடனே கொடுத்தோம். லேக் கார்டன்ஸ் மேம்பாலத்தில் முன்பு டாப் கியரில் ஏறிய வண்டி இப்போது மூன்றாவது கியர் கேட்டது. சிக்னலில் கிளம்ப ஒரு கணம் யோசித்தது. இவை எதிர்பார்த்தவை. எதிர்பாராதது மூன்றாவது பயணத்தில் வந்தது.

2020 பிப்ரவரி. பாக்னான் தாண்டி, சாலை நடுவிலிருந்த இடைவெளி வழியாகச் சாமந்திப்பூ மூட்டைகளோடு ஒரு சைக்கிள் வேன் குறுக்கே வந்தது. பிரேக்கை மிதித்தேன். வண்டி நிற்கவில்லை, நிற்க நினைத்தது, அவ்வளவுதான். ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போய், வேன்காரரின் முழங்காலுக்கு ஒரு கை தூரத்தில் நின்றது. அவர் என்னைத் திட்டக்கூட இல்லை. வெறித்துப் பார்த்துவிட்டு மிதித்துக்கொண்டு போனார்.

"எவ்வளவு வேகத்துல வந்தே?" என்றார் அப்பா.

"அம்பது மைல்தான்பா. முள் அதைத்தான் காட்டிச்சு."

அது பொய். வீடு திரும்பிக் கணக்குப் போட்டபோதுதான் புரிந்தது. இந்தக் காரில் வேகமானி கியர்பாக்ஸிலிருந்து ஓடுகிறது. அதற்குப் பின்னால் பல்லை மாற்றியது அதற்குத் தெரியாது. முள் ஐம்பது என்றபோது வண்டி உண்மையில் ஐம்பத்துநாலு மைலில், அதாவது மணிக்கு 87 கிலோமீட்டரில் ஓடியிருக்கிறது. வேகம் எட்டு சதவீதம் கூடினால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் ஏறத்தாழ பதினேழு சதவீதம் கூடும். முன்பெல்லாம் நாற்பதில் முனகி, ஐம்பதில் கத்தி எஞ்சினே என்னை எச்சரிக்கும். அந்த வாயை நான்தான் காசு கொடுத்து அடைத்திருந்தேன்.

இன்னொன்றையும் அன்றுதான் ஒழுங்காகப் படித்தேன். 1962-ல் கம்பெனி மாற்றியது விகிதத்தை மட்டுமல்ல. எஞ்சினைப் பெரிதாக்கியது. முன்சக்கர பிரேக் டிரம்மை ஏழு அங்குலத்திலிருந்து எட்டு அங்குலமாக்கியது. வேகத்தைச் சுலபமாக்கியவர்கள் நிற்பதற்கும் ஏற்பாடு செய்தார்கள். கம்பெனி செய்ததைத்தான் செய்கிறேன் என்று பெருமை பேசிய நான், அதில் எனக்குச் சுகமான பாதியை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

மார்ச்சில் ஊரடங்கு வந்தது. அந்த ஆண்டின் கடைசியில் எட்டு அங்குல பிரேக் வந்து சேர்ந்தது, மிஸ்திரி மாட்டினார். 2021-ல் மறுபடி கரக்பூர் போகத் தொடங்கினோம். அதே ஆண்டு மத்திய அரசு ஐம்பது வயது தாண்டிய, அசல் வடிவம் கெடாத வண்டிகளுக்குத் தனிப் பதிவு கொண்டுவந்தது. ஆனால் அப்படிப் பதிந்த வண்டியை அன்றாடம் ஓட்டக் கூடாது. அப்பா படிவத்தைப் பார்க்கவே மறுத்துவிட்டார். "பார்க்கறதுக்கா வாங்கினேன்?"

2022-ல் அத்தை காலமானாள். இப்போது வண்டி அதிகம் போவதில்லை. பழைய டிஃபரென்ஷியலை கிரீஸ் தடவி, மரப்பெட்டியில் வைத்து மாடிப்படிக்கு அடியில் வைத்திருக்கிறேன். எனக்குப் பின் வருகிறவர்களுக்கு 41 பல் வேண்டுமென்றால் ஒரு நாள் வேலை.

வேகமானிக் கண்ணாடியில் மட்டும் நாற்பத்தாறு மைலுக்கு நேராக ஒரு சிவப்புக் கோடு இருக்கிறது. அதுதான் உண்மையான ஐம்பது. என் நகப்பூச்சை வாங்கி, நடுங்கும் கையால் அப்பாவே போட்டது. போட்டு முடித்துச் சொன்னார்: "முன்னே வண்டி சொல்லும், நாம கேட்டுக்கலாம். இனிமே நாமதான் பாத்துக்கணும்."