எப்போதும் அனுமதி

பக்கத்தில் இருக்கும் மருந்துக் கடையைக் காட்டும் செயலி ஒன்றைத் திருச்சிக்காரர்களுக்காகச் செய்தேன். அதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஆள் நிற்கும் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை, சுற்றி எத்தனை மீட்டர் தேட வேண்டும் என்ற கணக்கு, இந்த மூன்றையும் இடத்தகவல் சேவைக்கு அனுப்பினால் அந்த வட்டத்துக்குள் இருக்கும் கடைகளின் பட்டியல் வந்துவிடும். செயலியைத் திறக்கும்போது ஆள் எங்கே நிற்கிறார் என்று தெரிந்தால் போதும். மூடிய பிறகு அவர் எங்கே போனால் எனக்கென்ன?

ஆனாலும் கேட்டேன். 2019இல் ஆண்ட்ராய்டு 10 வந்தபோது, 'செயலியைப் பயன்படுத்தும்போது மட்டும்' என்பதையும் 'எப்போதும்' என்பதையும் தனித்தனி அனுமதியாகப் பிரித்தார்கள். நான் 'எப்போதும்' வேண்டும் என்றேன். காரணம் கேட்கும் இடத்தில் 'இரவில் திறந்திருக்கும் கடைகளை உடனுக்குடன் காட்ட' என்று எழுதினேன். அப்படி ஒரு வசதியே செயலியில் கிடையாது. சேர்த்து வைத்தால் பின்னால் எந்த விளம்பரக்காரராவது காசு கொடுப்பார் என்ற நப்பாசைதான். 2021இல் ஆண்ட்ராய்டு 12, தோராயமான இடத்தை மட்டும் கொடுக்கவும் வழி விட்டது. அப்படிக் கொடுத்தவர்களைத் துல்லியமான இடம் தரும்வரை என் செயலி உள்ளேயே விடவில்லை.

சேமித்தது ஐந்து தசம இடம் வரை. ஐந்தாவது தசமம் என்பது ஏறக்குறைய ஒரு மீட்டர். கைபேசி ஜிபிஎஸ் திறந்தவெளியிலேயே சில மீட்டர் முன்னே பின்னே காட்டும் என்பதால், கடைசி இலக்கத்தில் பாதி கற்பனைதான். ஆனால் ஒரு வாரத்துப் புள்ளிகள் சேர்ந்தால் ராத்திரி தங்கும் வீடும் பகலில் போகும் இடமும் பளிச்சென்று தெரிந்துவிடும். யாருடைய பெயரையும் நான் சேமிக்கவில்லை என்று பெருமை வேறு பேசிக்கொண்டிருந்தேன்.

செயலியை முதலில் ஏற்றிக்கொண்டவர்களில் சித்தப்பாவும் ஒருவர். எனக்காகத்தான். ஒரு ராத்திரி ஏதோ கோளாறைத் தேடும்போது ஸ்ரீரங்கத்தில் இருந்து வந்த வரிசை ஒன்று கண்ணில் பட்டது. எந்தத் தெரு, எந்த வீடு என்று உடனே புரிந்தது. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். வரைபடத்தில் போட்டுப் பார்த்தேன். வாரத்தில் மூன்று நாள், ஒரு நாள் விட்டு ஒரு நாள், காலையில் தில்லை நகரில் ஒரே இடத்தில் நான்கு மணி நேரம். ஒரு ஆடிட்டரிடம் கணக்கு எழுதப் போவதாக எங்களிடம் சொல்லியிருந்தார். பெரிதாக்கிப் பார்த்தால் டயாலிசிஸ் சென்டர். அதன் கீழ்த்தளத்து மருந்துக் கடை என் பட்டியலிலேயே இருந்தது.

அடுத்த வாரமும் பார்த்தேன், அதற்கடுத்த வாரமும். கவலை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கவலைப்பட்டவன் அவருக்கல்லவா போன் போட்டிருக்க வேண்டும்? நான் அம்மாவிடம் சொன்னேன். எப்படித் தெரியும் என்று அம்மா கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அம்மா அன்றைக்கே அழுதுகொண்டு அவரைக் கூப்பிட்டுவிட்டாள். சித்தப்பா விஷயத்தைச் சொல்லி வைத்திருந்தது சித்தியிடம் மட்டும்தான். "உன்னைத் தவிர யாருக்குடி தெரியும்?" என்று அவர் சத்தம் போட்டதாக அம்மாதான் என்னிடம் சொன்னாள். "அப்படியா" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தேன்.

2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. சொன்ன வேலைக்குத் தேவையானதை மட்டும்தான் வாங்க வேண்டும் என்கிறது அது. 'எப்போதும்' அனுமதியை எடுத்தேன், சேர்த்து வைத்ததை அழித்தேன், தோராயமான இடத்தையும் ஏற்கும்படி மாற்றினேன். பட்டியலில் முன்பின் வரிசை கொஞ்சம் மாறுகிறது, மற்றபடி யாரும் குறை சொல்லவில்லை. சட்டத்துக்குப் பயந்துதான் இதையெல்லாம் செய்தேன், சித்தப்பாவை நினைத்து அல்ல.

சித்தியிடம் அவர் முன்போல முகம் கொடுத்துப் பேசுவதில்லையாம். விஷயம் சித்தி வாயிலிருந்து வரவில்லை என்று சொல்ல வேண்டியவன் நான். இன்னும் சொல்லவில்லை.